வடக்குக் கதவு

போனசில் அம்மாவுக்குப் பாதி, சீட்டுக்குக் கால்.
மிச்சத்தில் நான் ஒரு வடக்கை வாங்கினேன்.

ரூபாய் ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.
முப்பத்தெட்டு ஜிபி.
அங்கேரிப்பாளையம் ரோட்டு மாடி அறையில்
இரண்டு தடவை கரண்ட் போய்
மூன்றாம் ராத்திரி எண்பத்தேழில் நின்று
வராது வராது என்றிருந்து
நூறுக்கு வந்தது.

இரண்டு வருசம் காத்திருந்தேன் என்று சொன்னால்
செக்கிங் டேபிளில் யாருக்கும் புரியாது.
ஆட்டத்தின் கடைசியில், மதிலோரம்,
இஸ்ரெத் என்றொரு வில்காரி
மழையில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்:
"பனி உருகட்டும். தம்பி கிடைத்தால் தாக்கல் சொல்கிறேன்."
கதவு சாத்திக்கொண்டது.
அதற்கப்புறம் நான் கொன்ற டிராகன்கள் எல்லாம்
பொழுதுபோகாமல் கொன்றவை.

மத்தியானம் தூக்குப்போசியைத் திறக்காமலே
அந்தத் தம்பிக்கு முகம் வரைந்திருக்கிறேன்.
ஒரு நாள் அவன் அரசன்.
ஒரு நாள் செத்துப்போயிருந்தான்.
ஒரு நாள் அக்காளை அவனுக்கு அடையாளமே தெரியவில்லை.
அன்றைக்கு முப்பது பீஸில் ஓட்டையை விட்டுவிட்டேன்,
சூப்பர்வைசர் வைதார்.

கதவு திறந்தது.

நான் செக்கர்ங்க. பதினோரு வருசம்.
துணியைத் திருப்பாமலே சொல்லுவேன்
எந்த ரோல், எந்தச் சாயப்பட்டறை,
எந்த ஷிப்டில் ஓட்டினது என்று.
என்னிடமா?

முதல் குகைக்குள் பத்தடி போனதுமே தெரிந்தது:
தெற்கில் நான் தவழ்ந்த அதே குகை,
இடம்வலமாய்ப் புரட்டி வெள்ளையில் முக்கியது.
அந்தப் பட்டமரம்கூட அதேதான்,
காக்காய் உட்காரும் கிளை மட்டும் இப்போது இடப்பக்கம்.
ஓநாய்க்குப் பேர் பனியோநாய்.
அடித்தால் பழைய கத்தல்.
ஊரில் ஐந்து வீடு,
நான்குக்குக் கதவு வரைந்ததுதான்.

சாம்பிளைக் கோம்டு நூலில் தைத்து ஓகே வாங்கிவிட்டு
பல்க்கை வேறு நூலில் ஓட்டுவார்கள் எங்களூரில் சிலர்.
பையர் ஒரு தடவை தடவிப் பார்த்தால்
கண்டெய்னரே திரும்பும்.
நான் யாருக்குத் திருப்பி அனுப்ப?
இரண்டு மணிக்கு மேல் ஆடியாயிற்று, பணம் வராது என்று
ஒரு மிஷின் மரியாதையாகப் பதில் போட்டது.

பூபதியிடம் சொன்னேன். கோயமுத்தூரில் பழைய பார்ட் பொறுக்கி
இந்தக் கம்ப்யூட்டரைக் கோத்துக் கொடுத்தவன்.
"எத்தன மணி நேரம் ஓடுச்சுங்க்கா?"
நாலரை.
"மணிக்கு முந்நூத்தி முப்பத்திமூணு.
உங்க ஓவர்டைமாட்ட நாலு மடங்கு.
செஞ்சவனுக்கும் பீஸ் ரேட்டா இருக்கும், உடுங்க."

அதை யோசித்தேன்.
எங்கோ ஒரு ராத்திரி ஷிப்டில்
டெலிவரி தேதிக்காக மரத்தைப் புரட்டிப் போட்ட ஒருத்தி,
அவளுக்கும் டீ ஆறிப்போயிருக்கும்.
கோபம் கொஞ்சம் இறங்கியது.
வெசனம் இறங்கவில்லை.

ஏனென்றால் இஸ்ரெத்.
பனிமேட்டில் நின்றாள், அதே பச்சை மேலங்கி.
ஓடினேன்.
"பாதை நீளமானது, பயணியே."
அது கடைவாசல் காவல்காரன் சொல்லுகிற வரி.
மறுபடி தட்டினேன். அதே வரி.
தம்பி எங்கே என்று கேட்க
ஒரு பட்டன்கூட வைக்கவில்லை.
அவளைத் தாண்டி இன்னொரு கதவு,
கதவில் பூட்டு, பூட்டின்மேல் விலை.

நேற்று பழைய சேவ் ஒன்றைத் தேடி எடுத்தேன்.
ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் தேதி.
மழை. மதில். அவள் இன்னும் கிளம்பவில்லை,
நான் சரி என்று அழுத்தினால்தான் கிளம்புவாள்.
கீழே பனியன் லோடு வண்டி
ரிவர்ஸில் பீப் பீப் என்றது.
தட்டில் அரிசியும்பருப்பும் ஆறிக் கிடந்தது, சாப்பிட்டேன்.
அழுத்தவில்லை.
அவள் வில்லை ஒரு தோளிலிருந்து
மறு தோளுக்கு மாற்றினாள்.
கொஞ்ச நேரம் கழித்து
திரும்ப மாற்றினாள்.